மூன்று மெத்தைகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

என் மனைவி கட்டிலில் படுத்துத் தூங்குவதை விட்டு இருபத்திரண்டு மாதம் ஆன பிறகுதான் நான் மெத்தை வாங்கக் கிளம்பினேன். அத்தனை நாளும் அவள் முன்னறை ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியவைத்தாள். பத்தரை மணிக்கு என்னோடு வந்து படுப்பாள். ஒன்றரை மணிக்குள் எழுந்து போய்விடுவாள். காலையில் நான் எழுந்து வரும்போது கழுத்து ஒரு பக்கம் சரிந்து, மடியில் ஜெபமாலையோடு அந்த நாற்காலியில் இருப்பாள்.

"இன்னாமே, இங்க குந்திக்கினு?"

"அம்பத்தி மூணு மணி ஜெபம் சொல்லிக்கினு இருந்தேன். அப்டியே கண்ணு அசந்துட்ச்சு."

ஜெபம் செய்கிறவளை என்ன சொல்ல முடியும்? இடுப்பு வலிக்காகத்தான் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வலி அவளுக்கு ஆறேழு வருடமாகவே உண்டு. காலையில் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூன்று தவணையாக எழுவாள். முதல் தவணையில் முகம் சுளிக்கும், இரண்டாவதில் மூச்சை அடக்குவாள், மூன்றாவதில் நின்றுவிடுவாள். நின்றதும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம், இவளை எப்படியாவது பழையபடி கட்டிலில் படுக்கவைத்துத் தூங்கவைக்க வேண்டும் என்று தோன்றும். நாற்பத்து மூன்று வருடம் பக்கத்தில் படுத்தவள். பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தால் எனக்கு மட்டும் எப்படித் தூக்கம் வரும்?

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை, பெட்டி, கட்டு எல்லாவற்றையும் எண்ணுவதுதான் வேலை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். கப்பல் தரப்பில் ஒருவன் எண்ணுவான், கரைத் தரப்பில் ஒருவன் எண்ணுவான். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எண்ணுவது நிற்கவில்லை. எங்கள் இரண்டாவது மாடிக்குப் படிகள் முப்பத்தெட்டு. சாயங்காலம் துறைமுகக் கதவை நோக்கி வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் ஜன்னலுக்குத் தெரிகிற அளவில் பதினேழு முதல் இருபது வரை. மின்விசிறி மெதுவாகச் சுற்றும்போது அதையும் எண்ணிவிடுவேன். இது வியாதியில்லை. ஒன்றை எண்ணிவிட்டால் அது என் கைக்குள் இருக்கிறது என்று ஒரு தைரியம், அவ்வளவுதான்.

எங்கள் பழைய மெத்தை இலவம்பஞ்சு. பத்தொன்பது வருடமானது. நான் படுக்கும் பக்கம் பள்ளம் விழுந்து, குளம் தூர்ந்த மாதிரி நடுவில் கட்டிகட்டியாகப் பஞ்சு ஒதுங்கியிருந்தது. என் எடை எண்பத்தாறு கிலோ. அவள் நாற்பத்தொன்பது. இடுப்புக்குப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை, மெத்தையை மாற்றுங்கள் என்றார்.

"எந்த மெத்தை டாக்டர்?"

"ரொம்ப மெத்துனும் இருக்கக் கூடாது, கல்லு மாதிரியும் இருக்கக் கூடாது."

இதைச் சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு என்று வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கேட்டவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஒரே வாரத்தில் பதினொரு யோசனை. அத்திப்பட்டில் இருக்கும் என் மகள், மருமகனுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை, போனில் ஃபோம் மெத்தைதான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். கீழ்வீட்டு ஆட்டோக்காரர் ஸ்பிரிங் என்றார். கோயிலில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவர் தென்னை நார் மெத்தையைவிட்டால் கதியில்லை என்று பூசை முடிவதற்குள்ளேயே திரும்பிச் சொன்னார். மீன் கொண்டுவரும் காசிமேட்டு அம்மா மட்டும், "மெத்தையே வாணாம் நைனா, தரையில பாயப் போட்டுப் படுக்கச் சொல்லு, இடுப்பு தானா நிமிந்துக்கும்" என்றாள். தரையில் படுத்தால் என் மனைவி எழுவதற்கு ஆறு தவணையாகும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கடைக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே கட்டில் கட்டிலாகப் போட்டு மெத்தைகளை விரித்து வைத்திருந்தார்கள், மொத்தம் பதினான்கு. கடைக்காரர் நாற்பது வயதிருக்கும் மனிதர், நல்ல வாய்.

"படுத்துப் பாரும்மா. படுத்தாத்தான் தெரியும்."

அவள் படுக்கவில்லை. சாலையைப் பார்த்த கண்ணாடிக் கடை. வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற ஆண்கள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து, மீன் செவுளைப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் பார்த்துப் படுத்தேன். மூன்று நிமிடத்தில் எனக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

"நைனா, தூக்கமில்லாதது உனுக்கா, அம்மாவுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அவளுக்கு."

"அப்ப நீ இன்னாத்துக்குப் படுத்துக்கினு கீற?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஃபோம், ஸ்பிரிங், தென்னை நார் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்கு அனுப்புவார். ஒன்றுக்கு ஒரு வாரம். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. "மேல கீற பிளாஸ்டிக் கவர மட்டும் கிழிச்சிராத. கிழிச்சா அத்து உன்னுது."

ஃபோம் மெத்தை முதலில் வந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் முப்பத்தெட்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். என் மனைவி அவர்களுக்கு மோர் கொடுத்தாள். பழைய இலவம்பஞ்சை உருட்டிக் கட்டி வெளியே எடுத்த பிறகு, பல வருடம் கழித்து எங்கள் இரும்புக் கட்டில் வெறும் கட்டிலாக நின்றது. நான் சுற்றிவந்து பார்த்தேன். அவள் படுக்கும் பக்கத்து விளிம்பில், தலைமாட்டிலிருந்து இரண்டடி தள்ளி, பச்சை பெயின்ட் நான்கு இடத்தில் போயிருந்தது. ராயபுரத்தில் கடல் காற்று எந்த இரும்பை விட்டது? ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், சாமி விளக்கு ஆணி எல்லாம் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: கட்டில், துரு, நான்கு இடம், பெயின்ட் அடிக்க வேண்டும். தடவிப் பார்க்கவில்லை. எண்ணியதோடு சரி.

கவரைக் கிழிக்கக் கூடாது என்பதால் பிளாஸ்டிக்கின் மேலேயே படுக்கை விரிப்பைப் போட்டோம். படுத்தால் சரசரவென்று சத்தம். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் முதுகு நனைந்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு உதவியாக இருந்தது. அவள் ஒருமுறை புரண்டால் ஒரு சரசரப்பு. இருட்டில் கண் விழித்துப் பார்க்க வேண்டியதில்லை, காதே போதும். நல்ல மெத்தை எது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? எதில் குறைவாகப் புரள்கிறாளோ அதுதான் அவளுக்கான மெத்தை. தலையணைக்கு அடியில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். இருட்டில் கோடு போடுவது எனக்குப் புதிதல்ல. மழை நாளில் தார்ப்பாய்க்குள் கைவிட்டு எழுதிய கை இது.

ஃபோமில் அவள் முதல் இரவு முப்பத்தோரு முறை புரண்டாள். இரண்டாம் இரவு இருபத்தொன்பது. மற்ற நாட்களும் அதே கணக்குத்தான், அதுவும் நாற்காலிக்குப் போகும் வரைக்கும் மட்டும்.

"எப்டிமே கீது?" என்று காலையில் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள். கேட்ட ஏழு நாளும் அதே பதில்.

நல்லாயிருக்கிறது என்பவள் ஏன் முப்பது முறை புரள்கிறாள்? வாய்ப்பேச்சை விட்டுக் கணக்கை நம்பினேன். ஃபோமைத் திருப்பி அனுப்பினேன். மகள் போனில் கோபித்துக்கொண்டாள்.

அடுத்தது ஸ்பிரிங். அதில் நான் ஒரு பக்கம் திரும்பினால் அவள் மறுபக்கம் எழும்பி இறங்கினாள்.

"கட்டுமரத்துல படுத்தா மாரி கீதுய்யா. நீ திரும்பச் சொல்லோ முன்கூட்டியே ஒரு சவுண்டு உடு, நான் புடிச்சிக்கிறேன்."

அவள் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்குக் கட்டுமரம் தெரியும். இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தைந்து என்று எழுதினேன். அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் படுக்கையைத் தட்டும்போது நோட்டு அவள் கையில் அகப்பட்டது. கோடுகளைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எத்தினி மூட்டை எறங்குச்சு?"

நான் விளக்கம் சொன்னேன். ஃபோமுக்கு இத்தனை, ஸ்பிரிங்குக்கு இத்தனை. கேட்டுக்கொண்டாள். நோட்டை மறுபடி என் தலையணைக்கு அடியிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மூன்றாவது வாரம் தென்னை நார் வந்தது. தட்டினால் கதவைத் தட்டிய மாதிரி சத்தம். தூக்கி வந்தவர்களில் மூத்தவர், "பெர்சு, இத்தோட முடிச்சிருவியா, இல்ல இன்னும் மெத்தை கீதா?" என்று கேட்டார். அன்று இரவு அவள் ஒன்பது முறை புரண்டாள். மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் ஆறு. நாற்காலிக்கும் போகவில்லை. நான் காலையில் கண் விழித்தபோது அவள் என் பக்கத்தில் மல்லாந்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பால் காய்ச்சி நானே காபி போட்டேன். அது நன்றாக இல்லை என்று அவள் சொல்லவில்லை.

ஏழாவது நாள் கணக்கு ஐந்து. ஷேவிங் பிளேடை எடுத்து வந்து, நான்கு மூலையிலும் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். நோட்டில் கடைசிக் கோட்டுக்குக் கீழே தேதி போட்டு என் கையெழுத்தைப் போட்டேன். வேலை முடிந்தது. மகளுக்குப் போன் செய்து, கடைசியில் ஜெயித்தது தென்னை நார் என்று சொன்னேன்.

அதன் பிறகு நான்கு இரவு நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். மூன்று வாரம் கோடு போட்ட களைப்பு. ஐந்தாவது நாள் விடியற்காலையில் மாதா கோயில் மணி அடிக்கும்போது விழித்தேன். பக்கத்தில் அவள் இல்லை. முன்னறைக்கு வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஜெபமாலைகூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அஞ்சுமே, அஞ்சு! அஞ்சு தடவதான் பொரண்ட. அப்புறம் இன்னா?"

அவள் எழுந்தாள். இந்தமுறை நான்கு தவணை.

அன்று காலை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பாக்கி வைத்திருந்த வேலைகளை நோட்டில் தேடினேன். கட்டில், துரு, நான்கு இடம். கீழே கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா பச்சை பெயின்ட்டும் உப்புத்தாளும் வாங்கி வந்தேன். கீழ்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன்.

துருவைத் தேய்த்தால் தாள் செம்மண் நிறமாகும். தாள் அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பே இல்லை. பேருந்துக் கம்பியில் எல்லோரும் பிடிக்கிற இடம்போல வழுவழுவென்று, பளபளவென்று இருந்தது. நான்கு இடமும் பக்கத்தில் பக்கத்தில். நான்காவது மற்றதைவிடச் சின்னது. குனிந்து விளிம்புக்கு உள்பக்கம் பார்த்தேன். அங்கே ஐந்தாவதாக ஒன்று, அகலமாக.

என் கையை அங்கே வைத்தேன். என் விரல்கள் தடித்தவை, இடத்தில் பொருந்தவில்லை. கட்டிலில் அவள் படுக்கிற மாதிரி மனதுக்குள் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தேன். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, கையை நீட்டினால் சரியாக அந்த இடம்.

அவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இங்க கைய வையி."

"எதுக்கு?"

"வையேன்."

வைத்தாள். நான்கு விரலும் நான்கு இடத்தில் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் உள்பக்கம் போனது. அவளே அதைப் பார்த்து, "அட, இத்தப் பார்றா" என்றாள்.

"எத்தினி வருசமாமே?"

"அது யாரு எண்ணுனா? உன் பக்கம் பள்ளம் உயுந்ததுலேந்து."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் படுத்தால் என் பக்கம் தாழ்ந்துவிடும். தூக்கம் வந்து உடம்பு தளர்ந்ததும் அவள் உருண்டு என் மேல் வந்துவிடுவாள். எனக்கோ மேலே கை பட்டாலும் விழித்துக்கொள்கிற சுபாவம், ஷிப்ட் காலத்துப் பழக்கம். காலை ஷிப்டுக்குப் போகிற மனுஷனை எழுப்பக் கூடாது என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். ஷிப்ட் முடிந்து பதினோரு வருடமாகியும் பிடி விடவில்லை. ராத்திரி முழுக்க உடம்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் இடுப்பு என்னாகும்? பிடிக்க முடியாமல் போனபோதுதான் நாற்காலிக்குப் போனாள்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? நீ பாரமா கீற, தள்ளிப் படுன்னா? தள்ளிப் படுக்க எங்க கீது எடம், ஹாலுலதான். ஒன்ன ஹாலுக்கு அனுப்புறதுக்கு நானே போய்க் குந்திட்டுப் போறேன்."

"அப்ப ஃபோம் மெத்தை?"

"அது சோக்கா இருந்துச்சுய்யா. இடுப்பு எலும்புக்கு இதமா இருந்துச்சு. ஆனா நீ படுத்தா அங்கயும் பள்ளம்."

"தென்னை நாருல அஞ்சுதானே பொரண்ட?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நீதான் எண்ணிக்கினு கீறியே. எண்ணிக்க கொறஞ்சா காலைல உன் மூஞ்சியப் பாக்கணுமே, புள்ள பொறந்தா மாரி! அதுல பள்ளம் இல்ல, அதனால அசையாம கெடந்தேன். கல்லு மாரி கீது, எலும்பு வலிச்சிச்சு, பல்லக் கடிச்சிக்கினேன். அந்தப் பசங்களும் எத்தினி தபாதான் முப்பத்தெட்டுப் படி ஏறுவானுங்க? சரி, இத்தோட முடியட்டும்னு உட்டுட்டேன். அப்பால நீ கையெயுத்துப் போட்டுட்ட, எண்ணுறத நிறுத்திட்ட. இனிமே அசைஞ்சா இன்னான்னு எய்ந்து வந்துட்டேன்."

நான் அந்தக் கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் கப்பல் தரப்புத் தாள் இல்லாமல் கரைத் தரப்புக் கணக்கை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் மேற்பார்வையாளர் அதைத் தொடக்கூட மாட்டார். முப்பத்து நான்கு வருடம் அப்படி ஒரு தாளையும் நான் கொடுத்ததில்லை. வீட்டில், மூன்று வாரம் ஒரு தரப்பில் நின்று எண்ணி, இன்னொரு தரப்பின் கையெழுத்தில்லாமல் கணக்கை மூடியிருக்கிறேன். அவள் தரப்புத் தாள் கட்டில் விளிம்பில் இருந்தது. அதைத் துரு என்று எழுதி வைத்திருந்தேன்.

பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் பரண் மேல் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். போகிற வழியில் ஷேர் ஆட்டோவில் அவளே யோசனை சொன்னாள். "மீன் எடுக்கச் சொல்லோ உனுக்கு முள்ளு வாணாம், எனுக்குத் தலை வேணும். ரெண்டையும் ஒரே மீனுல வெட்டித்தானே வாங்குறோம்?" கடைக்காரரிடம் அதையே அவள் தன் வாயால் சொல்லட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். தென்னை நார் மெத்தையை நீளவாக்கில் இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி எனக்கு. அவள் பக்கத்துக்கு அதே இரண்டரை அடி அகலத்தில் ஃபோம்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜோடி மெத்தைய வெட்டச் சொல்றியேம்மா, இன்னா, இந்த வயசுல டைவர்ஸா?"

"கட்டில் ஒண்ணுதான்யா. மெத்தைதான் ரெண்டு."

"நடுவுல சந்து வருமே?"

"வந்தா வரட்டும். செவுரா கட்டப்போற?"

எனக்கு வேறொரு கவலை. தென்னை நார் ஐந்து அங்குலம், அந்த ஃபோம் ஆறு அங்குலம். நடுவில் ஒரு அங்குலம் படி விழும். அதைச் சொன்னேன்.

"நாப்பத்தி மூணு வருசம் கயிச்சு ஒன்னவிட ஒரு இஞ்சி ஒசந்துட்டுப் போறேனே, அதுகூடப் பொறுக்கலியா ஒனக்கு?" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். சாலையைப் பார்த்த கண்ணாடியில் திரையை இழுத்துவிட்டார். "இப்பப் படுத்துப் பாரும்மா. வாங்குன அப்பால பிடிக்கலன்னா ஐயா மறுபடியும் நோட்ட எடுத்துருவாரு." நோட்டு விஷயத்தை அவள் எப்போது அவரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றி, புடவையைக் கணுக்கால் வரை சரிசெய்துகொண்டு, அந்த ஒற்றை ஃபோம் மெத்தையில் இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். பக்கத்தில் நான் இல்லை, பள்ளமும் இல்லை. வலது கை பழக்கத்தில் மெத்தை விளிம்பைத் தேடிப் பிடித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, கை தானாக விழுந்து மெத்தைக்கு வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஏர்-ஹாரனை அடித்துக்கொண்டு போனது. அவள் அசையவில்லை.

"ஷ்ஷ்" என்று கடைக்காரர் தன் ஆட்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பின்பக்கம் வேறு யாருக்கோ மெத்தை வெட்டிக்கொண்டிருந்த ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் கடிகாரத்தைப் பார்க்க நினைத்து, பார்க்கவில்லை. டீ வந்தது. குடித்தோம். அவளுக்கு வாங்கிய டீ ஆறி ஆடை கட்டியது.

விழித்ததும் பதறி எழுந்து தலைப்பைச் சரிசெய்தாள். எழுந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தவணை.

"தூங்கிட்டனா? எய்ப்பக் கூடாதா? மானமே போச்சு."

"இத்தயே அனுப்பிருப்பா" என்றேன் கடைக்காரரிடம்.

மறுநாள் காலை கடை ஆட்கள் வந்து தென்னை நார் மெத்தையை வெட்ட எடுத்துப்போனார்கள். மதியம் இரண்டும் வந்து சேர்ந்தன. நடுவில் சந்து இருக்கிறது, உண்மைதான். ஒரு அங்குலப் படியும் இருக்கிறது. என் மூக்குக் கண்ணாடி இதுவரை இரண்டு முறை அதற்குள் விழுந்தது. என் பாதி கல்லு மாதிரிதான் இருக்கிறது, எனக்கு அது ஒத்துக்கொண்டது. வெட்டி மிச்சமான இன்னொரு பாதியைக் கீழ்வீட்டு ஆட்டோக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் காலை கோயில் மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் நான் விழித்தேன். அவள் பக்கத்தில் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு இல்லை, என் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"எத்தினி?" என்று கேட்டாள்.

"எது?"

"எத்தினி தபா பொரண்டேன்?"

"தெரியாது. தூங்கிட்டேன்."

"பொய்யி" என்று சொல்லிக் கையை நீட்டி, என் தலையணைக்கு அடியில் துழாவி நோட்டை எடுத்தாள். பக்கம் வெறுமையாக இருந்தது. புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு அதை எங்கள் நடுவே சந்தில் செருகிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்னறை நாற்காலியில் இப்போது காய்ந்த துணிகளைப் போட்டு வைக்கிறோம்.